மைல்கல் கேட்டவருக்குக் கோபுரம்

ஜான் கிளேரை 'இயற்கைக் கவிஞர்' என்று அழைப்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். கூடவே 'குடியானவக் கவிஞர்', 'பித்துப் பிடித்த கவிஞர்' என்னும் மற்ற இரண்டு அடைமொழிகளையும் கைவிடலாம். மூன்றிலும் உண்மையின் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இருநூறு ஆண்டுகளாக அவை மூன்றும் சேர்ந்து ஒரே வேலையைத்தான் செய்துவருகின்றன. ஒரு மனிதர் தன் ஊரில் நடந்த நிலப்பறிப்பை மரம் மரமாக, ஊற்று ஊற்றாகப் பெயர் சொல்லிப் பதிவுசெய்தார் என்ற செய்தியை வாசகரின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது.

ஆங்கிலக் கிராமம் என்றதும் நம் இலக்கிய நண்பர்களின் மனத்தில் எழும் சித்திரம் ஏறத்தாழ ஒன்றுதான். கூரை வேய்ந்த வெள்ளைச் சுவர் வீடு, தேவாலயக் கூம்பு, அளந்து வெட்டியதுபோன்ற வேலிச்செடிகள், அவற்றுக்கு அப்பால் பச்சை வயல்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில் மலர்களை மனப்பாடம் செய்த தலைமுறைகளுக்கு இந்தச் சித்திரம் ஒருவிதச் சொந்த நினைவாகவே மாறிவிட்டது. அந்த வேலிச்செடி யாரால், எந்த ஆண்டில், யாருக்கு எதிராக நடப்பட்டது என்று நாம் கேட்டதில்லை. நாம் 'பழைய இங்கிலாந்து' என்று ரசிக்கும் அந்த நேர்கோட்டு வேலிகளில் பெரும்பகுதி பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் நாடாளுமன்றச் சட்டங்களால் முளைத்தவை. அவற்றுள் சிலவற்றை நட்ட கைகளில் கிளேரின் கைகளும் உண்டு.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு கிராமத்தைப் பற்றியது. அதன் பெயர் ஹெல்ப்ஸ்டன்.

*

பீட்டர்பரோ நகருக்கு வடமேற்கே, சில மைல் தொலைவில் இருக்கிறது ஹெல்ப்ஸ்டன். கிளேரின் காலத்தில் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அப்போது பெயரின் இறுதியில் ஒரு 'இ' எழுத்தும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று கேம்பிரிட்ஜ்ஷயருக்குள் வருகிறது. ஒருபுறம் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம்; மறுபுறம் ஃபென் எனப்படும் தாழ்ந்த சதுப்புவெளியின் விளிம்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் 1793 ஜூலை 13 அன்று, கதிரடித்துப் பிழைத்த பார்க்கர் கிளேருக்கும் எழுத்தறியாத ஆனுக்கும் பிறந்தவர் ஜான்.

ஊருக்குப் போகும் பயணிக்குக் காட்டப்படும் சின்னங்கள் நான்கு. ஊர் நடுவே இடைக்காலத்துச் சந்தைச் சிலுவை. அதற்கு அருகில், கிளேர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1869இல் எழுப்பப்பட்ட, கோதிக் பாணியில் கூர்ந்து உயரும் நினைவுக் கோபுரம். புனித பாட்டல்ஃப் தேவாலயத்தின் தென்புறத்தில் அவருடைய கல்லறை. உட்கேட் தெருவில் அவர் பிறந்த வீடு. ஓர் அறக்கட்டளை அதை 2005இல் வாங்கி, 2009 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைத்தது. பக்கத்திலேயே அவர் சிறுவயதில் எடுபிடி வேலை பார்த்த புளூபெல் மதுவிடுதி. அரைநாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

இந்தச் சின்னங்களைக் கிளேரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் அடக்கம் எப்படி அமைய வேண்டும் என்று அவரே ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். தேவாலய முற்றத்தின் வடபுறத்தில், காலை வெயிலும் மாலை வெயிலும் நெடுநேரம் தங்கும் இடத்தில் தன்னைப் புதைக்கச் சொல்கிறார். கல் செதுக்கப்படாததாக, மைல்கல்லைப்போல் முரடாக இருக்கட்டும் என்கிறார். விளையாடும் பையன்கள் கவனக்குறைவாக உடைத்துவிடக் கூடாது என்பது அதற்கு அவர் தரும் காரணம். கல்லில் பெயரோடு ஒரு சிறு வாசகம் போதும். தேதி எதுவும் கூடாது. என் எழுத்துக்குத் தகுதி இருந்தால் அதனோடு இந்தப் பெயர் வாழட்டும், இல்லையென்றால் காப்பாற்றத் தக்கதல்ல என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

ஊர் செய்தது என்ன? வடபுறம் கேட்டவரைத் தென்புறத்தில் வைத்தது. பெற்றோரின் அருகில் என்பதால் இதை மன்னித்துவிடலாம். ஆனால் தேதி வேண்டாம் என்றவரின் கல்லில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் பொறிக்கப்பட்டன. பெயரோடு 'நார்தாம்ப்டன்ஷயர் குடியானவக் கவிஞர்' என்ற பட்டம் ஒட்டப்பட்டது. 'கவிஞர் பிறக்கிறார், உருவாக்கப்படுவதில்லை' என்ற பொன்மொழியும் சேர்ந்தது. போதாதென்று சந்தைச் சிலுவைக்கருகில் கோபுரம் ஒன்றும் எழும்பியது. செதுக்காத மைல்கல் ஒன்றைக் கேட்டவருக்குச் செதுக்கிய கற்களால் ஆன கோபுரம்!

ஒரு மனிதரைக் கௌரவிப்பதற்கும் அவர் சொன்னதைக் கேட்பதற்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் கல் எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

*

அந்தப் பொன்மொழியை இன்னும் கொஞ்சம் கவனிப்போம். கவிஞர் பிறக்கிறார் என்பது பாராட்டைப்போல் ஒலிக்கிறது. ஒரு கூலித் தொழிலாளியின் கல்லறையில் அது வேறு பொருள் கொள்கிறது. இவர் படிக்கவில்லை, உழைத்துக் கற்கவில்லை, குயில் கூவுவதுபோல் இயல்பாகப் பாடினார் என்று அது சொல்கிறது. அதாவது இவர் சொன்னவற்றைக் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் சொல்கிறது.

உண்மை என்ன? பதின்மூன்று வயதளவில் ஜேம்ஸ் தாம்சனின் 'பருவங்கள்' நூலை வாங்க, காசு சேர்த்து ஸ்டாம்ஃபோர்டு நகரம்வரை நடந்துபோனவர் கிளேர். திரும்பும் வழியில், வேலைநாளில் புத்தகம் வாசிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பர்லி பூங்காவின் மதிலேறிக் குதித்து, உள்ளே உட்கார்ந்து வாசித்தார். வயல் வேலைக்கு நடுவே கிடைத்த தாள் துண்டுகளில் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட கதைப்பாடல்கள் தெரிந்த தந்தையிடமிருந்து நாட்டார் மரபைப் பெற்றார். ஊர் எல்லையில் கூடாரமிட்ட ஜிப்ஸிகளிடம் பிடில் வாசிக்கக் கற்றார். நாட்டுப்புற மெட்டுகளைச் சேகரித்து எழுதிவைத்தார். பறவைகளின் கூடுகளை, முட்டையின் நிறத்தை, கூடு கட்டும் பொருளை இயற்கை ஆய்வாளருக்குரிய துல்லியத்துடன் குறித்தார். இவர் 'உருவாகாத' கவிஞர் என்றால் உருவானவர் யார்?

வாசிப்பதற்காக மதிலேறிக் குதிக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் அந்தக் கல்லறையில் பொறித்திருக்க வேண்டும்.

*

இனி வேலிக்கு வருவோம். கிளேர் பிறந்தபோது ஹெல்ப்ஸ்டன் திறந்தவெளி வேளாண்மை ஊராக இருந்தது. லோல்ஹாம் பாலத்து வயல், ஹீத் வயல், உட்கிராஃப்ட் வயல் என்று மூன்று பெருவயல்கள். ஒவ்வொருவருக்கும் அவற்றில் ஆங்காங்கே நீண்ட பட்டைகளாக நிலம். நடுவே வேலி கிடையாது. சுழற்சி முறையில் ஒரு வயல் தரிசாகக் கிடக்கும். அறுவடை முடிந்த நிலத்திலும் தரிசிலும் மாடுகள் மேயும். இவற்றைச் சுற்றிப் புதர்வெளியும் பொதுமேய்ச்சலும். அங்கே விறகு பொறுக்கலாம், பன்றி மேய்க்கலாம், காளான் பறிக்கலாம். சட்டப்படி அந்த நிலத்துக்கு உரிமையாளர் உண்டு. ஆனால் அதன் பயன்கள்மீது ஊர் வழக்கத்துக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டாவது உரிமைதான் ஏழைகளின் சொத்து. அது பத்திரத்தில் இல்லை, நினைவில் இருந்தது.

1809இல் ஹெல்ப்ஸ்டனையும் அதைச் சுற்றியுள்ள மேக்ஸி, நார்த்பரோ, கிளின்டன், எட்டன் முதலிய ஊர்களையும் சேர்த்து ஒரே வேலியடைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கிளேருக்கு அப்போது பதினாறு வயது. இறுதித் தீர்ப்பாவணம் வெளிவந்தது 1820இல். அவருடைய முதல் கவிதை நூல் வெளியான அதே ஆண்டு. நடுவிலிருந்த பதினோரு ஆண்டுகளில் அளவையாளர்கள் வந்தார்கள், பட்டைகள் ஒன்றிணைக்கப்பட்டுச் செவ்வகங்களாயின, பாதைகள் நேராக்கப்பட்டன, ஓடைகள் திருத்தப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன, முள்வேலி நடப்பட்டது.

இதன் சட்ட நுட்பத்தைப் புரிந்துகொள்வது அவசியம். பொதுநில உரிமை ஒரு குடிசையோடு ஒட்டியிருந்தால் அதற்கான இழப்பீட்டு நிலம் குடிசையின் சொந்தக்காரருக்குப் போனது. அதில் வாடகைக்குக் குடியிருந்து, உண்மையில் மாட்டை மேய்த்தவருக்கு அல்ல. சிறு நிலம் கிடைத்தவர்களும் சொந்தச் செலவில் அதற்கு வேலி போட வேண்டும், முடியாதவர்கள் விற்றார்கள். வெறும் வழக்கத்தால் பயன்பெற்றவர்களுக்கு எதுவும் இல்லை. திருட்டு என்ற சொல் எங்கும் வராமல் ஒரு திருட்டை நடத்தி முடிக்க முடியும் என்பதற்கு இந்தச் சட்டங்களைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. இங்கிலாந்தில் 1604 தொடங்கி 1914வரை இப்படி 5200க்கு மேற்பட்ட சட்டங்கள் இயற்றப்பட்டன. அடைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர்; நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு.

வேலியடைப்புக்கு முந்தைய ஹெல்ப்ஸ்டன், ஊரை மையமாகக் கொண்ட வட்டமான உலகம். அதன்பின் வந்தது எங்கிருந்தோ எங்கோ போகும் நேர்ச்சாலைகளின் உலகம் என்று திறனாய்வாளர் ஜான் பாரல் 1972இல் வெளியான தம் ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். கிளேரின் கவிதை வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முற்றுப்புள்ளியின்றிப் பரவிச் செல்வதற்கும் அந்தப் பழைய வெளிக்கும் உள்ள உறவை அவர் வழியாகத்தான் பலரும் கண்டுகொண்டோம்.

*

கிளேருக்கு ஹெல்ப்ஸ்டனின் சின்னங்கள் என்று ஒரு தனிப் பட்டியல் இருந்தது. அது பயணிகளுக்கான பட்டியலோடு எங்கும் ஒத்துப்போவதில்லை.

லாங்லி புஷ் என்ற முதிய ஹாதார்ன் முள்மரம். ஊரின் தெற்கு மேட்டில் ஒரு புராதன மண்மேட்டின் மேல் நின்றது. முற்காலத்தில் வட்டார நீதிமன்றம் கூடிய இடம். பின்னாளில் ஜிப்ஸிகளின் தங்குமிடம். அந்த மரம் அழிக்கப்பட்டதைத் தன் நாட்குறிப்பில் துயரத்தோடு பதிந்திருக்கிறார்.

லீ குளோஸ் ஓக் மரம். வேலியடைப்பின்போது வெட்டப்பட்டது. கிளேர் நேசித்த மரம் என்று கேள்விப்பட்ட ஒரு தச்சர், அதன் கட்டையில் அளவுகோல் செய்து அவருக்கு அனுப்பினார். ஒரு மரம் அளவுகோலாகத் திரும்பி வருவதை எந்தக் கவிஞனும் உருவகமாக யோசித்திருக்க முடியாது. ஊரை அளந்து பிரித்த காலத்தில் அது உண்மையாகவே நடந்தது.

ஈஸ்ட்வெல் ஊற்று. பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று ஊர் இளைஞர்கள் அங்கே கூடி, ஊற்று நீரில் சர்க்கரை கலந்து குடிப்பார்கள். ஆண்டு முழுவதும் நன்மை என்பது நம்பிக்கை. வேலியடைப்புக்குப் பின் அந்த வழக்கம் நின்றுபோனது என்று கிளேர் எழுதுகிறார். ஒரு திருவிழாவைத் தடைசெய்யச் சட்டம் தேவையில்லை. அதற்குப் போகும் பாதையை மூடினால் போதும்.

கடைசியாக ஸ்வார்டி வெல் என்ற பழைய கற்சுரங்கப் பள்ளம். வேறெங்கும் காணாத செடிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்த இடம். வேலியடைப்பில் அது சாலைக்குக் கல் எடுப்பதற்காகப் பேரிஷ் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் 'பேரிஷிடம் போவது' என்றால் பிச்சைச் சம்பளத்துக்குக் கையேந்துவது. கிளேரின் தந்தையே முடக்குவாதத்தால் உழைக்க முடியாமல் அந்த நிலைக்குப் போனவர். ஸ்வார்டி வெல்லைப் பற்றிய புலம்பல் கவிதையில் கிளேர் அந்த நிலத்தையே பேசவைத்தார். நிலம் தன்னை ஓர் ஏழையாக, பேரிஷின் கையில் விழுந்து உரித்தெடுக்கப்பட்டவனாக உணர்ந்து பேசுகிறது. சுற்றுச்சூழல் பற்றியும் நிலத்தின் உரிமை பற்றியும் இன்று எழுதப்படும் கவிதைகளைப் புதுமை என்று கொண்டாடும் நண்பர்கள், இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூலியாள் செய்ததை வாசித்துவிட்டு வரலாம்.

இவற்றில் ஒன்றுகூடக் கட்டடம் அல்ல. எல்லாமே மனிதர்கள் கூடிய இடங்கள், அல்லது வழியில் நின்ற இடங்கள். கிளேருக்குச் சின்னம் என்பது பார்ப்பதற்குரியதல்ல, போய்வருவதற்குரியது. போய்வரும் உரிமை பறிக்கப்பட்டதும் அந்தச் சின்னங்கள் இறந்தன. அவற்றின் இடத்தில்தான் கல்லால் ஆன, யாரும் எங்கும் போகத் தேவையில்லாத கோபுரம் வந்து நின்றது.

*

இங்கே வழக்கமான மறுப்புகள் வரும். அவற்றுக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

முதல் மறுப்பு பொருளாதாரத்தைச் சார்ந்தது. வேலியடைப்பால் விளைச்சல் பெருகியது, வேலை பெருகியது, அது தவிர்க்க முடியாத முன்னேற்றம்; கிளேருடையது வெறும் ஏக்கம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வேலி நட, சாலை போட, வாய்க்கால் வெட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஹெல்ப்ஸ்டன் காலியாகிவிடவில்லை. கிளேரே அந்த வேலைக் குழுக்களில் கூலிக்கு வேலி நட்டிருக்கிறார். ஆனால் கூலி கிடைத்தது என்பது உரிமை போனதற்குப் பதிலாகாது. முன்பு மாடும் விறகும் காளானும் கொஞ்சம் கூலியுமாக வாழ்ந்தவர், பின்பு கூலியை மட்டுமே நம்பி வாழ்ந்தார். கூலி நின்ற குளிர்காலத்தில் அவருக்குப் பேரிஷைத் தவிரப் போக்கிடம் இல்லை. ஒருவருடைய சார்பின்மையை வாங்கிக்கொண்டு, அவருக்கு வேலை கொடுத்தோம் என்பது எந்தக் கணக்கில் லாபம்? ஜே. எம். நீசன் 1993இல் வெளியிட்ட, பொதுநிலக் குடியினரைப் பற்றிய ஆய்வு இந்தக் கணக்கை நார்தாம்ப்டன்ஷயர் ஊர்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டு பரிசீலிக்கிறது. ஏக்கம் என்று நகைப்பவர்கள் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பு: கிளேர் புரட்சியாளர் அல்ல. அரசருக்கு விசுவாசமானவர் என்று சொல்லிக்கொண்டவர், பிரபுக்களின் உதவியில் வாழ்ந்தவர். உண்மை. அதுவே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. கொள்கையிலிருந்து கவிதைக்கு வந்தவர் அல்லர் அவர்; எந்தக் கொள்கையும் கைவசம் இல்லாத ஒருவர் கண்ணால் கண்டதை எழுதினார். அப்படிப்பட்டவரின் சாட்சியம் கூடுதல் மதிப்புடையது. பிரபுக்களின் உதவியைப் பற்றிச் சொல்வதானால், வட்டாரத்தின் பெருநிலக்கிழார்களான மில்டன் மாளிகையின் ஃபிட்ஸ்வில்லியம் குடும்பம் அவருக்கு ஆண்டுத்தொகைக்கு வழிசெய்தது. 1832இல் மூன்று மைல் தள்ளி நார்த்பரோவில் வீடு தந்தது. பிறகு நார்தாம்ப்டன் மனநல விடுதியில் அவரைப் பராமரிக்கும் கட்டணத்தையும் செலுத்தியது. நல்ல மனிதர்களாகவே இருந்திருக்கலாம். ஆயினும் உரிமையாக இருந்ததைத் தொலைத்த ஊரில் தயவு மட்டும் மிஞ்சியது என்பதை மறக்க முடியாது. உரிமைக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. தயவுக்கு வாழ்நாள் முழுவதும் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது மறுப்பு இலக்கியவாதிகளுடையது: கவிதையை ஆவணமாக்காதீர்கள், அழகியலைப் பாருங்கள். நான் கேட்பது, எந்த அழகியல்? ஒரு பறவைக் கூட்டை இவ்வளவு அருகில் போய்ப் பார்ப்பதற்கு அங்கே போக வழி இருந்திருக்க வேண்டும். அந்த வழி மூடப்பட்டபின், அத்துமீறி நுழைபவனின் அச்சத்தோடுதான் அவர் அதே கூட்டைத் தேடிப் போனார். அவருடைய பிற்காலக் கவிதைகளில் பார்ப்பவன் குனிந்து, ஒளிந்து, மூச்சடக்கிப் பார்க்கிறான். இது வெறும் உத்தியல்ல. வேலி அந்தக் கவிதையின் வடிவத்துக்குள் புகுந்துவிட்டது.

*

நிலத்துக்கு நேர்ந்தது பிரதிக்கும் நேர்ந்தது. கீட்ஸின் பதிப்பாளரான ஜான் டெய்லர்தான் கிளேரையும் வெளியிட்டார். அவருக்குக் கிளேர் பட்ட கடன் பெரிது; அதே டெய்லர்தான் நிறுத்தற்குறிகளைப் புகுத்தினார், வட்டாரச் சொற்களில் பலவற்றை நீக்கினார், கவிதைகளை வெட்டினார். 1820இல் வெளியான முதல் நூல் ஓராண்டுக்குள் நான்கு பதிப்புகள் கண்டது. ஊரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கவிதையில் செல்வத்தைச் சபிக்கும் வரிகள், புரவலர் ராட்ஸ்டாக் பிரபுவின் வற்புறுத்தலால் பின்வந்த பதிப்பிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றைத் தீவிரவாதச் சேற்றுமொழி என்று கருதினார் அந்தக் கடற்படைத் தளபதி. 1832இல் கிளேர் தன் கைப்படத் தொகுத்த பெருந்தொகுப்பு சுருக்கப்பட்டு, வேறு பெயரில் 1835இல் வெளிவந்தது. அவர் தொகுத்த முழு வடிவம் அச்சாக 1979வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலக்கணத்தைக் கொடுங்கோன்மையோடு ஒப்பிட்டவர் கிளேர். காற்புள்ளிகளைக் கொண்டு வேலியிடப்பட்ட அவருடைய வரிகளை, கையெழுத்துப் பிரதியின்படி மீட்கும் பணி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பின் ஒன்பது தொகுதிகள் 2003இல் நிறைவுற்றன. அரிய உழைப்பு. ஆனால் அதிலும் ஒரு முரண். முதன்மைப் பதிப்பாசிரியர் 1965இல் ஒரு பவுண்டு கொடுத்து, கிளேரின் வெளியாகாத எழுத்துகளின் பதிப்புரிமையை வாங்கியதாக உரிமை கோரினார். அதன்பின் பல பதிப்புகள் அந்த உரிமையின் நிழலில்தான் வெளிவந்தன; ஆய்வாளர்கள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தனர். வேலியை எதிர்த்துப் பாடியவரின் சொற்களுக்கே வேலி! காற்புள்ளிகளை அகற்றிய அதே கை இதைச் செய்தது என்பது, மீட்பும் கையகப்படுத்தலும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைக் காட்டுகிறது.

*

இன்று ஹெல்ப்ஸ்டனில் நடப்பவை எல்லாம் வீண் என்று சொல்லவரவில்லை. கிளேர் பிறந்த வீட்டை அறக்கட்டளை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடம் அவர் காலத்தில் பல குடித்தனங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவர் குடும்பம் அதன் ஒரு பகுதியில் வாடகைக்கு இருந்தது. தோட்டத்து ஆப்பிள் மரம் நன்றாகக் காய்த்த ஆண்டுகளில் அந்தப் பழங்களே வாடகையை அடைத்தன. முழு வீட்டையும் 'கிளேரின் இல்லம்' என்று சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர், அவர் வாழ்ந்ததைவிடப் பெரிய வீட்டைப் பார்த்து வருகிறார் என்பதை மறக்கக் கூடாது.

மாறாக, எனக்கு நம்பிக்கை தருபவை வேறு இரண்டு. ஒன்று, ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பிறந்தநாளையொட்டி ஊர்ப்பள்ளிக் குழந்தைகள் புல்கரணில் காட்டுப்பூக்களைச் செருகி, 'மிட்சம்மர் குஷன்' எனப்படும் பூந்திண்டுகளாக்கி அவர் கல்லறையைச் சுற்றி வைக்கிறார்கள். கிளேர் எழுதிவைத்த பழைய ஊர் வழக்கம் இது. விளையாடும் பையன்களை நினைத்துத் தன் கல்லறைக் கல்லைத் திட்டமிட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இல்லை. மற்றொன்று, ஸ்வார்டி வெல். கல் தோண்டி, குப்பை கொட்டி, காரோட்டப் பந்தயம்கூட நடத்திச் சீரழித்த அந்தப் பள்ளத்தை வட்டார மக்களின் அறக்கட்டளை 2003இல் வாங்கி, ஸ்வாடிவெல் என்ற பெயரில் இயற்கைக் காப்பிடமாக மாற்றியது. மலர்களும் திரும்பியிருக்கின்றன, மனிதர்களும் நடக்க முடிகிறது.

ஆனால் ஒரு பள்ளம் மீண்டதால் கணக்கு முடிந்துவிடுமா? 2000ஆம் ஆண்டின் கிராமப்புற வழியுரிமைச் சட்டத்துக்குப் பிறகும், இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதத்தில்தான் பாதையை விட்டு விலகிச் சுதந்திரமாக நடக்க மக்களுக்கு உரிமை இருக்கிறது. டார்ட்மூர் வெளியில் கூடாரமிட்டு ஓர் இரவு தங்கும் உரிமை உண்டா என்ற கேள்வி, உச்ச நீதிமன்றம்வரை போய் 2025 மே மாதத்தில்தான் மக்கள் பக்கம் தீர்ந்தது. கிளேர் எழுதிய வழக்கு இன்னும் முடியவில்லை. முடிந்துபோன வழக்கைப்போல் அவரைக் கல்லறையிலும் கோபுரத்திலும் வைத்துப் பூட்டுவதுதான் 'இயற்கைக் கவிஞர்' என்ற பட்டத்தின் பயன்.

*

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கும் வாசகருக்கு ஒரு தேதியை நினைவூட்டுகிறேன். கிளேர் பிறந்த 1793ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில்தான் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை அறிவித்தார். 1802 முதல் அது சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் வந்தது, பாளையங்கள் ஜமீன்களாயின. நிலத்துக்கு ஒரே ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும், அவர் அதை 'மேம்படுத்த' வேண்டும், மற்றவர்களின் வழக்கங்கள் இடையூறு என்ற அதே சிந்தனை, அதே வர்க்கத்தாரின் தலைகளிலிருந்து இரண்டு தேசங்களுக்கும் சென்றது. ஹெல்ப்ஸ்டனின் புதர்வெளியை 'வீண்நிலம்' என்று எழுதிய பேனாவும், இங்கே மேய்ச்சலையும் கரட்டையும் வீண்நிலமாகப் பதிவேட்டில் ஏற்றிய பேனாவும் ஒரே மையில் தோய்ந்தவை. புறம்போக்கு என்ற சொல்லை வசையாகப் பயன்படுத்திப் பழகிய நம் நாக்குக்கு, கிளேரை வாசிக்கும் தேவை கூடுதலாகவே இருக்கிறது.

கிளேரைத் தமிழில் கொண்டுவர நினைக்கும் நண்பர்களுக்கு இதிலிருந்து ஒரு கோரிக்கை. அவரைச் சுத்தத் தமிழின் சீரான வரிகளுக்குள் அடைக்காதீர்கள். நத்தைக்கு 'பூட்டி' என்றும் பொறிவண்டுக்கு 'கிளாக்-எ-கிளே' என்றும் தன் ஊரின் சொற்களை விடாப்பிடியாக எழுதியவர் அவர். புள்ளிகளை நீங்களே வைத்துவிடாதீர்கள். செல்வத்தைச் சபித்த வரிகளை விட்டுவிட்டுப் பறவைக் கவிதைகளை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 1820இன் ராட்ஸ்டாக் பிரபுவின் வேலையை நாம் ஊதியமின்றித் தொடர வேண்டியதில்லை.

ஊர் வரலாறு எழுதுபவர்களுக்கும், வெளிநாட்டுக் கிராமங்களைப் பயணக் கட்டுரையாக்கித் தருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேவாலயத்தின் நூற்றாண்டையும் கோபுரத்தின் உயரத்தையும் எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊரில் ஒரு காலத்தில் எல்லோரும் போய்வந்த இடம் எது, அங்கே போகும் வழி எப்போது அடைபட்டது? பதிலை 1820ஆம் ஆண்டின் நில ஆவணத்தில் ஒரு விதமாகவும் கிளேரின் கவிதையில் வேறு விதமாகவும் காணலாம். இரண்டையும் அருகருகே விரித்துவைத்து வாசிப்பதற்குப் பெயர்தான் வரலாறு. கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர்.